திருப்பு, கவிழ், புரட்டு

த்ரீ-ஃபேஸ் மோட்டாரின் மூன்று ஃபேஸ் வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் அது எதிர்த்திசையில் சுழலும். ஆங்கிலத்தில் இது ரிவர்ஸ்: திசை மட்டும் மாறுகிறது. லாஜிக் சர்க்யூட்டில் 0-ஐ 1 ஆக்குவது இன்வர்ட்: மதிப்பே எதிராகிறது. இரண்டையும் குழப்பினால் 'நில்' என்ற சிக்னல் 'ஓடு' ஆகிவிடலாம். அந்த நேரம் மெஷினுக்குள் யாருடைய கையாவது இருக்கலாம்.

"தமிழ்ல ஏதுடா இவ்ளோ நுணுக்கம்? எல்லாத்துக்கும் 'மாத்து'தான்" என்பான் கூட வேலை செய்யும் நண்பன். அவனுக்கு எங்கள் வீட்டு அடுப்படியைத்தான் காட்ட வேண்டும். அம்மா தோசையைத் திருப்புவார், கழுவிய செம்பைக் கவிழ்ப்பார், புத்தகத்தைப் புரட்டுவார். ஒருநாளும் செம்பைப் புரட்டச் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் மோட்டாரைத் 'திருப்பு', சிக்னலைக் 'கவிழ்' என்றே அவனிடம் சொல்கிறேன். சிரிக்கிறான். ஆனால் எதை மாத்தணும் என்று திரும்பக் கேட்பதில்லை.