செயலியில் இல்லாத சட்டைக் கை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மருத்துவபீடம் சென்றவர் பெரியும்மாவின் மகள் ராத்தா. வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாலும் கைப்பேசியும் கையுமாகவே இருப்பார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அவர் இரத்த அழுத்தம் அளந்து பழகிக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு கை. அதைச் சுற்றி அழுத்தமானியின் பட்டி. விரலால் தட்டினால் காற்று இறங்கி முள் கீழே வரும். முதல் ‘டக்’ ஓசை கேட்கும்போது முள் காட்டுவது மேல் அளவு; ஓசை மறையும்போது காட்டுவது கீழ் அளவு. இந்த ஓசைகளை 1905ஆம் ஆண்டில் விவரித்தவர் ரஷ்ய சத்திரசிகிச்சை வைத்தியர் நிகொலாய் கொரொட்கொவ். அளவைப் பிழையாகச் சொன்னால் செயலி திருத்தும். நூறு முறை செய்தாலும் அதற்குச் சலிப்பில்லை.

இந்த எண்ணம் புதியதல்ல. நோர்வேயின் விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் அஸ்மண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்துச் சுவாசம் அளிக்கப் பழகுவதற்காக 1960இல் ‘ரெசசி ஆன்’ என்ற ஆளுயரப் பொம்மையை வெளியிட்டார். இன்று ‘டச் சர்ஜரி’ போன்ற செயலிகள் சத்திரசிகிச்சையின் படிமுறைகளையே கைப்பேசியில் கற்பிக்கின்றன. நோக்கம் ஒன்றுதான்: மாணவரின் முதல் தடுமாற்றம் நோயாளியின் உடலில் நிகழக்கூடாது.

ஆனால் செயலி சொல்லித் தராத பாடத்தைக் கொட்டாஞ்சேனையில் உம்மும்மா வீட்டில் கண்டேன். ராத்தா உண்மையான அழுத்தமானியை எடுத்ததும் உம்மும்மா சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சட்டைக்கு மேலால பார்க்க ஏலாதா புள்ள?”

“தடிச்ச துணிக்கு மேலால பார்த்தா அளவு பிழைக்கும் உம்மும்மா.”

ராத்தா தம்பியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். முந்தானையால் தோளை மூடிவிட்டு, சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றினார். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து ஐந்து நிமிடம் அமரச் சொன்னார். அளக்கும்போது பேசினாலும் அளவு கூடுமாம். உம்மும்மாவைப் பேசாமல் இருக்கச் செய்ததுதான் பெரிய பாடு!

அளவு 168க்கு 96. ராத்தா பதறவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தார். பிறகு மெதுவாக, “குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?” என்று கேட்டார்.

சாத்திய கதவைப் பார்த்துவிட்டு உம்மும்மா சொன்னார்: “ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுறன் மகள். முடிஞ்சா ஒங்கட மாமாக்குச் செலவுதானே.”

பல மாதங்களாக எவரிடமும் சொல்லாத செய்தி அது. ராத்தா இன்னும் மாணவிதான். தானாக மருந்து எதுவும் சொல்லவில்லை. உம்மும்மாவின் சம்மதத்தோடு மாமாவிடம் பேசி, மறுநாளே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வைத்தார்.

செயலியிலுள்ள நோயாளிக்குச் சட்டைக் கை இல்லை, வெட்கம் இல்லை, மகனின் செலவைப் பற்றிய கவலையும் இல்லை. அதற்காகச் செயலி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அளக்கும் முறை விரலுக்குப் பழகியிருந்ததால்தான் ராத்தாவின் கவனம் முழுவதும் உம்மும்மாவின் முகத்தில் இருந்தது.

ராத்தாவின் செயலி ஆங்கிலத்தில்தான் பேசுகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். அச்சுப் புத்தகத்தால் அன்று முடிந்தது கைப்பேசியால் இன்று முடியாதா? “தலை சுத்துது மகள்” என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லும், கேட்டால் மட்டுமே குளிசைக் கதையைச் சொல்லும் ஒரு நோயாளியை நமது பிள்ளைகள் செயலியில் உருவாக்க வேண்டும். இறைவன் நாடினால், அதில் பழகும் மாணவிகளில் ஒருத்தியாக நானும் இருக்க விரும்புகிறேன்.