உம்மாவின் பெயருக்குக் கட்டமில்லை

உங்கள் உம்மும்மாவின் உம்மாவுக்கு என்ன பெயர்? இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரின் சுவடிக்கூடத்தில் இருந்தபோதுதான் இக்கேள்வி என்னைத் தைத்தது.

லங்காஷயர் கவுண்டியின் (கவுண்டி என்பது நமது மாவட்டம் போன்றது) பழைய தேவாலய விவாகப் பதிவேடுகள் அங்கே உள்ளன. மூதாதையரைத் தேடி வந்த முதியவர்கள் மைக்ரோபிலிம் சுருளைப் பொறுமையாக உருட்டிக்கொண்டிருந்தனர். 1754க்குப் பிந்திய ஏடுகளில் மணமக்களும் சாட்சிகள் இருவரும் ஒப்பமிட்டிருப்பர். எழுதத் தெரியாதோர் பெருக்கல் அடையாளம் போட்டனர். நெசவாளர் ஊர்களில் அந்த அடையாளங்கள்தாம் எத்தனை! சாட்சிகளின் பெயரை விட்டுவிடாதீர்கள் என்றார் பக்கத்திலிருந்தவர். பல வேளைகளில் அவர்கள் உடன்பிறந்தவர்களாம்.

1837 ஜூலை முதல் வயது, தொழில், தகப்பனாரின் பெயர், அவரது தொழில் எல்லாம் ஏட்டில் ஏறின. வயதை நம்பிவிட முடியாது. "பராயமடைந்தவர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள் அநேகர். தாய்க்கோ கட்டமே இல்லை! 2021 மே மாதத்தில்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாயின் பெயர் விவாகப் பதிவில் இடம்பெற்றது.

அவர்களைக் குறை சொல்லுமுன் நம் வீட்டையும் பார்க்கவேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வகுத்த படிவத்தில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலீ ஒப்பமிடுவார். மணமகளின் ஒப்பத்துக்கு அதில் இடம் வைக்கவில்லை.

அன்றிரவே ஊருக்கு டெலிபோன் எடுத்து உம்மாவிடம் கேட்டேன். அந்தப் பெயரைச் சட்டென்று சொன்னா. அதற்கும் மேலே?

"அவவைப் பெத்தும்மா என்றுதான் கூப்பிடுவாங்க, மகன். பேர் தெரியாது."

கொப்பியில் "பெத்தும்மா" என்றே எழுதி வைத்தேன்.