மக்கா சென்றுவந்த ஓர் அட்டையின் கணக்கு

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், நகரம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதற்குள் பழனிசெட்டிபட்டி வந்துவிடும். முல்லைப் பெரியாற்றின் தடுப்பணையும், அதனையொட்டிய வயல்களும் தென்னைகளுமே எங்கள் ஊரின் அழகு. அங்கே தேங்காய் விற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில்தான் அத்தாவும் அம்மாவும் சென்ற ஆண்டு என்னுடன் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். மீதமாகும் தொகையில், தோப்பில் வேலை செய்பவரின் மகளுக்குத் தையல் எந்திரம் வாங்கித் தருவதாக அத்தா நிய்யத் வைத்திருந்தார்.

ரொக்கத்தைச் சுமக்க வேண்டாம், அட்டையே போதும் என்றவன் நான்தான். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு ஆணைப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டுத் திறக்க வேண்டும். திறந்தேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை.

மக்காவில் இறங்கிய முதல் இரு நாட்கள், கடைகளில் அட்டையைச் செருகியதும் எந்திரம் 'ரியாலா, இந்திய ரூபாயா?' என்று வினவியது. நமக்குப் பழகிய கணக்கல்லவா என்று ரூபாயையே தொட்டேன். மூன்றாம் நாள் பேரீச்சம்பழக் கடையில் நின்ற இடுக்கிக்காரத் தம்பி என் கையைத் தடுத்தார். "ரூபாயைத் தொடாதீங்க இக்கா, ரியால் போதும்" என்றார். ரூபாயைத் தேர்ந்தால், கடைக்காரரின் வங்கிப் பக்கமே தன் இலாபத்தையும் சேர்த்து மாற்று விகிதத்தை நிர்ணயிக்கிறது. அதன்மேலும் கட்டணம் பிடிக்கும் நம்மூர் வங்கிகள் உண்டு. குமுளி மலைக்கு அப்பாலிருந்து வந்த பிள்ளை அங்கே எங்களுக்கு உறவினராகிவிட்டார்!

ஊர் திரும்பியபின் வங்கிக் கணக்கைத் திண்ணையில் விரித்து, அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எங்கள் அட்டைக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் நூற்றுக்கு மூன்றரை. பத்தாயிரம் ரூபாய்ச் செலவுக்கு 350. அந்த 350க்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 63, ஆக 413. பாதுகாப்பெனக் கருதி ஐந்து முறை சிறுசிறு தொகையாகப் பணம் எடுத்ததற்கு, ஐந்து முறையும் தனிக் கட்டணம். ஒரே தடவை எடுத்திருந்தால் நான்கு மிஞ்சியிருக்கும். எல்லாமாக ஐயாயிரத்துக்கும் மேல் போயிருந்தது.

"வாய்க்கால் தண்ணீரும் வழியில் குறையத்தான் செய்யும். எந்த மடையில் குறைகிறதென்று முன்னாலேயே பார்த்திருக்கலாமே, தம்பி" என்றார் அத்தா. வேறொன்றும் சொல்லவில்லை. தையல் எந்திரத்துக்குக் குறைந்ததை நான் போட்டேன்.

இந்தச் சிக்கல் இன்று நேற்றையதன்று. 1959இல் ஹாஜிகளுக்கெனவே ரிசர்வ் வங்கி பத்து ரூபாய், நூறு ரூபாய்த் தனி நோட்டுகளை அச்சிட்டது. பிற்காலத்தில் ஹஜ் கமிட்டி வழியே செல்வோர் புறப்படும் இடத்திலேயே 2,100 ரியால் பெற்றுவந்தனர். 2023ஆம் ஆண்டு ஹஜ்ஜில் அது நிறுத்தப்பட்டு, ஹாஜிகளே செலாவணியைத் தேடிக்கொள்ளலாயினர். பாரத ஸ்டேட் வங்கி பயண அட்டைக்கு ஏற்பாடு செய்தது. ரியாலாகவே முன்கூட்டி நிரப்பிய அத்தகைய அட்டையில், ரியாலில் செலவிடும்போது மாற்றுக் கட்டணம் இல்லை. ஆயினும் நிரப்பும் நாளின் விகிதத்தையும், மிஞ்சியதைத் திரும்ப ரூபாயாக்கும்போது ஏற்படும் இழப்பையும் கேட்டறிய வேண்டும்.

என் தங்கை குடும்பத்தார் அடுத்த மாதம் உம்ராவுக்குச் செல்கின்றனர், இன்ஷா அல்லாஹ். அத்தா கணக்கெழுதிய அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறாள்.