தேதி தவறும் கம்ப்யூட்டரும் கேள்வி கேட்கும் மெக்கானிக்கும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களிலும் ஆவடி மார்க்கெட் பக்கத்திலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் உள்ள கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு: “காலையில ஆன் பண்ணா தேதி தப்பா காட்டுது.” சிமாஸ் பேட்டரி (மின்சாரம் இல்லாதபோது உள்ளே கடிகாரத்தை ஓட்டும் செல்) போயிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனாலும் இந்தக் கடைகளின் வேலையைக் கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்டது இது: பேட்டரியை மாற்ற இரண்டு நிமிடம் போதும், அதற்கு முன் மெக்கானிக் கேட்கும் கேள்விகள்தான் தொழில். நாம் கூலி கொடுக்க வேண்டியதும் அதற்குத்தான்.

“நைட்டு சுவிட்ச் போர்டுலயே ஆஃப் பண்ணிடுவீங்களா சார்?” என்பது முதல் கேள்வி. பேச்சுவாக்கில் கேட்பது போலத் தோன்றும், ஆனால் பாதி நோய் இதிலேயே பிடிபடும். கம்ப்யூட்டர் ஓடும்போது விண்டோஸ் நேரத்தைத் தானே எண்ணிக்கொள்கிறது; மதர்போர்டில் உள்ள கடிகாரச் சில்லிடம் அது நேரம் வாங்குவது ஆன் ஆகும் வேளையில்தான். ஆகவே ஓடும்போதே நேரம் பின்தங்கினால் பழியைப் பேட்டரி மேல் போட முடியாது. ஷட் டவுன் செய்துவிட்டு சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்டால், 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும்; பேட்டரி செத்திருந்தாலும் வெளியே தெரியாது. மெயினை அணைத்த இரவுக்குப் பிறகுதான் குட்டு உடைகிறது. அடுத்த கேள்வி, எவ்வளவு தவறுகிறது என்பது. பல வருடம் பின்னால் போய் நின்றால் பேட்டரி, அல்லது அதைப் பிடித்திருக்கும் ஹோல்டர். மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் என்றால் அது கோளாறே அல்ல: விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகு சகஜம், நாளுக்கு அது சுமார் 1.7 விநாடி. மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளியிருந்தால் கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம். ஒரே மெஷினில் லினக்ஸும் விண்டோஸும் போட்டு வைக்கும் கல்லூரி மாணவர்களின் கம்ப்யூட்டர்களில் வருவது அது. லினக்ஸ் அந்தச் சில்லில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரமென்று படித்துவிடும். இதற்குப் போய்ப் புதுப் பேட்டரி போட்டால் காசுதான் வீண்.

கேபினெட்டைத் திறந்த பிறகும் வேலை கண்ணை மூடிக்கொண்டு செய்வதாக இல்லை. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தச் செல்லைப் பக்கவாட்டுக் கிளிப் பிடித்திருக்கும். நகத்தால் கிளிப்பைத் தள்ளினால் செல் துள்ளி எழும். மல்டிமீட்டர் வைத்தால் புதுசு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இங்கேதான் அனுபவம் பேசுகிறது: லித்தியம் செல்லின் வோல்ட்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய சமமாக நின்று பிறகு மளமளவென்று விழும் இயல்புடையது. கழற்றிப் பார்க்கும்போது நன்றாக இருப்பதாகக் காட்டும் செல், லோடு விழுந்ததும் படுத்துவிடக்கூடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மெயினை எடுத்துவிட்டு, செல்லை ஹோல்டரில் வைத்தபடியே அளக்கிறார்கள். அடியில் இருக்கும் தகடு வளைந்திருக்கிறதா, களிம்பு பிடித்திருக்கிறதா, சிமாஸை அழிக்கும் ஜம்பரை முன்பு யாரோ மாற்றிச் செருகிவிட்டார்களா என்பதையும் பார்த்துவிடுவார்கள். (கழற்றிய செல்லை மேஜையில் போட்டு வைக்கும் பழக்கம் உடனே ஒழிய வேண்டும். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் பொருள் அது.)

செல் சீக்கிரம் தீர்ந்துபோக இந்தப் பகுதிக்கு என்றே ஒரு காரணம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. நனைந்து, காயவைத்து மறுபடி ஓட்டப்படும் போர்டில் படியும் அழுக்கும் உப்பும் மின்சாரம் கசிய வழி செய்யும். கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். ஒரு செல்லின் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் 5 மைக்ரோ ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், முழுக்க அணைத்தே வைத்தாலும் ஐந்து ஆண்டு வரும். கசிவையும் சேர்த்து 50 மைக்ரோ ஆம்பியர் ஆகிவிட்டால் அதே செல் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். “போன தடவைதானே மாத்தினீங்க, டூப்ளிகேட் போட்டுட்டீங்களா?” என்று கடைக்காரர் மேல் பாயும் முன், போர்டைக் கழுவிச் சுத்தம் செய்தாயிற்றா என்று கேட்பதுதான் நியாயம்.

இன்டர்நெட் இருக்கும்போது இதற்கு ஏன் இத்தனை பாடு, நேரம் தானே சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான் ஆகும். டொமைனில் சேராத தனி விண்டோஸ் மெஷினில் வழக்கமான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேல் பிசகியிருந்தால், நேரச் சேவை தானாகத் திருத்தாது. தேதி பல வருடம் பின்னால் இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை என்று பிரௌசர் தடுத்துவிடும். ஜிஎஸ்டி தளம் திறக்காமல் அக்கவுண்டன்ட் கையைப் பிசைவார். அதைவிட முக்கியம், பட்டறைகளில் பல மெஷின்களுக்கு நெட்டே கிடையாது. லேத்துக்குப் புரோகிராம் அனுப்பும் பழைய கம்ப்யூட்டரும் அளவு சோதித்து ரிப்போர்ட் அச்சிடும் கம்ப்யூட்டரும் தனியாகவே ஓடுகின்றன. உதிரிபாகத்தோடு போகும் சோதனை ரிப்போர்ட்டில் தேதி தவறினால், வாங்கும் கம்பெனியின் ஆடிட்டர் பாகத்தையே சந்தேகப்படுவார்.

அப்படியானால் மெயினை அணைக்காமல் விட்டுவிடலாமே என்பது இன்னொரு யோசனை. இதை நான் ஏற்கவில்லை. இடி மின்னலும் ஷார்ட் சர்க்யூட்டும் பயமுறுத்தும் இடத்தில் இரவில் மெயினை அணைக்கும் தொழிலாளி சரியான காரியம்தான் செய்கிறார். ஒரு செல்லுக்காக அந்தப் பழக்கத்தைக் கெடுக்கக் கூடாது. மாற்றிய மாதத்தை மார்க்கரால் கேபினெட்டின் உள்பக்கம் எழுதி வைத்து, மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை மாற்றினால் தீர்ந்தது. சில பத்து ரூபாய் செல்லுக்கு இவ்வளவு சர்வீஸ் சார்ஜா என்று பேரம் பேசுபவர்களுக்கும் பதில் இதுவரை சொன்னதில் இருக்கிறது. செல்லுக்கு மட்டும் காசு என்றால், செல்லை விற்பதில் மட்டுமே மெக்கானிக்குக்கு லாபம். ஐந்தரை மணி நேரப் பிசகுக்கும் ஈரம் பட்ட போர்டுக்கும் அவர் செல்லையே மாட்டி அனுப்புவார். பில்லில் ‘சோதனைக் கூலி’ என்று தனி வரி எழுதும் கடைக்கு, எதையும் மாற்றாமல் திருப்பித் தந்த நாளிலும் அதைக் கொடுத்துவிட வேண்டும்.