நான் போட்ட மதிப்பெண்கள்

தீசிஸ் ஜூரியில் உட்காரும்போதெல்லாம் ஒரு கேள்வியை விழுங்கிவிடுவேன்: "இந்தக் கூரைக்குப் புல் எங்கிருந்து வரும்?" மாணவர்மேல் இரக்கப்பட்டு அல்ல. "நீங்களே சொல்லுங்கள் சார்" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் எனக்கும் தெரியாது. பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதன் பிறகும் கேட்கவில்லை.

கட்டடக்கலை இறுதியாண்டில் நீலகிரியை எடுக்காத பேட்ச் கிடையாது. பழங்குடிப் பண்பாட்டு மையம் அல்லது காட்டுயிர் விளக்க மையம். பெரும்பாலும் ஒரே கான்செப்ட்: தோடர் பழங்குடியினர் கோயிலின் வளைந்த கூரையை எடுத்துப் பல மடங்கு பெரிதாக்கி, இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, கீழே கஃபே வைப்பது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் தவழ்ந்துதான் போக முடியும். எருமைப் பாலைப் பக்குவப்படுத்தும் புனித இடம் அது; பெண்கள் நுழைவதில்லை. அதை வரவேற்பறையாக்கிய ஷீட்டில் "மண்ணோடு ஒட்டிய வடிவம்" என்று எழுதி நல்ல மதிப்பெண் போட்டவன் நான்.

கோயில் வேயும் புல் மலைச் சதுப்பில் வளர்வது. புல்வெளிகளில் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையையும், விறகுக்கும் கூழுக்கும் யூகலிப்டஸையும் நட்டார்கள். சதுப்புகளில் பல விளைநிலமாயின. புல் அருகிப்போனது. வடிவத்தைப் பாராட்டிய நான், அந்த வடிவம் எதனால் நிற்கிறதோ அதைப் பாடமாக ஒருநாளும் எடுத்ததில்லை.

நீலகிரியின் சீகூர் பீடபூமியில் யானை பார்க்கும் கோபுரமும் தங்கும் குடில்களும் வரைந்த ஒரு தீசிஸுக்கு அந்த ஆண்டின் அதிகபட்ச மதிப்பெண் கொடுத்தேன். மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு இடையே யானைகள் போய்வரும் வழி அது. தமிழக அரசு 2010-இல் அறிவித்த அந்த வழித்தடத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்பு வந்தபின் போட்ட மதிப்பெண் இது. செய்தி படித்திருந்தேன். அந்தி நேர ரெண்டரில் குடில்களெல்லாம் விளக்கெரிய, பக்கத்தில் யானைக்கூட்டம் நடந்துபோனது. அந்த வெளிச்சத்தில் எந்த யானை வரும் என்ற கேள்வி வாய்வரை வந்தது. படம் அழகாக இருந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஒரு மாணவி கட்டடமே வேண்டாம் என்று வந்தாள். சீகையை அகற்றிச் சதுப்பை மீட்பது, புல்லை வளர்ப்பது, வேய்பவர்களுக்கு ஒரு கொட்டகை. அவ்வளவுதான் அவள் திட்டம். தோடர் குடியிருப்பான மந்துக்குப் பலமுறை போய், பெரியவர்களிடம் கேட்டு, எந்தப் பருவத்தில் புல் அறுப்பார்கள் என்று அட்டவணை போட்டிருந்தாள். "இதில் ஆர்க்கிடெக்சர் எங்கேம்மா?" என்றேன். மற்ற ஜூரிகள் சிரித்தார்கள். தேர்ச்சிக்கு மட்டும் மதிப்பெண் போட்டேன்.

அவள் வேலையை மதிப்பிட எனக்குத் தாவரம் தெரிந்திருக்க வேண்டும், நீரோட்டம் தெரிந்திருக்க வேண்டும், அந்த மக்களின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது வடிவமும் வெளிச்சமும்தான். தெரிந்ததற்கு மதிப்பெண் போட்டு, தெரியாததைத் தகுதியற்றது என்று தள்ளினேன். சூழலியல், பழங்குடிப் பண்பாடு என்று பாடத்திட்டத்தில் எழுதிவைத்துவிட்டு, அவற்றைப் படித்து வந்தவளைத் தண்டித்தேன். மாணவர்கள் முட்டாள்கள் அல்ல. எதற்கு மதிப்பெண் விழுகிறது என்று பார்த்து அதையே வரைகிறார்கள். மேலோட்டமாக வரைகிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை; அந்த மேலோட்டம் என்னிடம் கற்றது.