இழுப்பறையில் கிடந்த அட்டை

எங்கள் அம்மாவின் தையல் இயந்திரத்தில் ஓர் இழுப்பறை உண்டு. கொக்கிகள், நூல்கண்டுகள், அளவு குறித்த துண்டுச் சீட்டுகள் ஆகியவற்றுக்கு அடியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இரண்டு ஆண்டுகள் கிடந்தது.

அதை வாங்கப் பட்ட பாட்டைப் பிள்ளைகள் மூவரும் அறிவோம். அத்திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று, குடும்ப அட்டையோடு இராஜபாளையத்திலிருந்து பேருந்தேறி விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். கட்டணம் இல்லை, பிரீமியத்தை அரசே செலுத்தியது. அப்பாவுக்கு நெஞ்சுவலி ஏதும் வந்தால் உதவும் என்று பேசிக்கொண்டே திரும்பினோம். அம்மாவுக்கும் நோய் வரலாம் என்பது எங்கள் கணக்கில் இல்லை.

நோயோ அப்போதே இருந்தது. மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள்கள் நீடித்தது. முகம் வெளுத்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்" என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அரசு மருத்துவமனை தொலைவில் இல்லை. அங்கே பணமும் கேட்கமாட்டார்கள். ஆனால் போய்வர ஒரு முற்பகல் வேண்டும். ஒரு முற்பகலில் இரண்டு ரவிக்கைகள் தைத்துவிடலாம். தீபாவளி முடியட்டும், தை முகூர்த்தங்கள் முடியட்டும், கடைசிப் பெண்ணின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். 2014 மாசியில் ஒருநாள், தைத்துக்கொண்டிருந்தபோதே மயங்கிச் சரிந்தார்.

ஹீமோகுளோபின் ஆறுக்கும் கீழே. கருப்பையில் கட்டிகள். இரத்தம் ஏற்றிய பிறகே அறுவை செய்ய முடிந்தது. அட்டை எங்களைக் கைவிடவில்லை. அறுவைக்கென்று ஒரு ரூபாயும் நாங்கள் கொடுக்கவில்லை. இதை நன்றியுடனேயே எழுதுகிறோம். ஆனால் மருத்துவர் அம்மா கேட்ட கேள்வி இன்னும் எங்களோடு இருக்கிறது. "ஆரம்பத்திலேயே கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையிலேயே பார்த்திருக்கலாமே. வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

அதன்பின் ஆறு வாரங்கள் அம்மா இயந்திரத்தை மிதிக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். வட்டிக்கு வாங்கித்தான் அந்த நாள்களைக் கடந்தோம். அதற்கு ஈடு தரும் அட்டை எதுவும் எங்களிடம் இல்லை.

பிற்பாடுதான் அகமதாபாத்தின் சேவா அமைப்பைப் பற்றிப் படித்தோம். எங்கள் அம்மாவைப் போல் சொந்தக் கைத்தொழிலால் பிழைக்கும் பெண்களுக்காக 1972இல் இலா பட் தொடங்கிய சங்கம் அது. 1974இல் அவர்கள் தமக்கென ஒரு வங்கி அமைத்தார்கள். கடனை அடைக்க முடியாதவர்களிடம் காரணம் கேட்டபோது பெரும்பாலும் வந்த பதில் நோய். 1992இல் தாங்களே காப்பீட்டுத் திட்டமும் தொடங்கினார்கள். அதில் முதல் உறுப்பினர் பெண். கணவரும் பிள்ளைகளும் அவள் வழியாகவே சேரலாம். வங்கியில் அவள் வைக்கும் வைப்புத்தொகையின் வட்டியிலிருந்தே பிரீமியத்தைக் கட்டிக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

ஆனால் அங்கும் இழப்பீடு கோரி வந்த விண்ணப்பங்களில் முன்னணியில் நின்ற காரணங்களுள் ஒன்று கருப்பை அகற்றும் அறுவை. அதைக் கண்டபின், பெண்களிடையே உடல்நலக் கல்வியைக் கொண்டுசெல்ல முனைந்தார்கள். எங்களுக்கு விளங்கியது இதுதான்: பெரும்பாலான காப்பீடு, பெண் படுக்கையில் விழுந்த பிறகே அவளைக் கண்டுகொள்கிறது. அவள் நின்றுகொண்டே நோயைச் சுமக்கும் ஆண்டுகள் அதன் ஏட்டில் ஏறுவதில்லை. வீட்டின் ஏட்டிலும்தான்.

இன்று தமிழகத் திட்டத்தின் வருமான வரம்பு 1,20,000 ரூபாய். காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆயினும் போய்வரும் அந்த ஒரு முற்பகலை இன்னும் அந்தந்தப் பெண்தான் தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு எங்களில் இளையவள் தொடர்ந்து தலைசுற்றுவதாகச் சொன்னாள். "மாசக் கடைசிக் கணக்கு முடியட்டும், போய்க் காட்டுறேன்" என்றாள். நாங்கள் இருவரும் சரியென்று தலையாட்டிக்கொண்டிருந்தோம். அம்மா எழுந்து செருப்பை மாட்டினார். கத்தரித்து வைத்த துணிகள் அன்று மாலைவரை இயந்திரத்தின் மேலேயே கிடந்தன.