நிற்குமோ இக்கல்?

செஞ்சியில் மலையடியே எம் இல்லம். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் மாலை, ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் திருவண்ணாமலையில் மண்ணும் பாறையும் சரிந்து எழுவர் மாண்டனர். அவருள் ஐவர் சிறார். அச்செய்தி கேட்ட எம் அன்னையார், "படித்தவனாயிற்றே, நம் தலைமேலுள்ள கல் நிற்குமா, தம்பி?" என வினவினார்.

பனிமலை ஏறுவோர் குழி தோண்டிப் பனியின் அடுக்குகளைச் சோதிப்பர் எனப் படித்திருந்தோம். மேலடுக்கு எத்துணைத் திண்ணியதாயினும், அடியில் சர்க்கரைபோல் ஒட்டாத பனியிருப்பின் அனைத்தும் வழுக்கி வீழும். பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவிலேயே இது நிகழுமாம். எம் மலையில் பனி ஏது? ஆயினும் கருங்கல்லின்மீது மண்போர்வை உண்டு; இரண்டிற்கும் இடையே நீர் புகுந்தால் பிடிப்பு நெகிழும்.

மழை ஓய்ந்தபின் ஏறிப் பார்த்தோம். நெடுங்காலம் நின்ற கல் என்பது சான்றாகாது, அடிமண்ணையன்றோ நோக்கவேண்டும்! ஒரு பாறையின்கீழ் மண் அரித்து, முழங்கைவரை கை நுழைந்தது. தமிழ் பயிலும் எமக்கு அதற்குமேல் அளக்கத் தெரியவில்லை. அன்னையாரிடம் "நிற்கும்" என்று சொல்ல நா எழவில்லை. அன்றிரவு மீண்டும் தூறல் விழுந்தது. பாய்களைச் சுருட்டிக்கொண்டு மாமன் வீட்டிற்குச் சென்றோம்.